ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது. அடுத்த கேள்வி, குடித்துத் தொலைத்துவிட்டோம், இப்போது என்ன செய்வது என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் கேள்விகள் உண்டு. பெட்டியை எங்கே வைப்பது, டாக்சிக்காரர் மீட்டர் போடாவிட்டால் யாரிடம் அழுவது, சாலையை எப்படிக் கடப்பது, கடந்தால் திரும்பி வர முடியுமா? ஒரு மனிதர் கடல் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்றே கேட்டார். விடிந்ததும் திறந்துவிடுவார்கள், சீக்கிரம் போனால் யாரும் தொடாத அலைகளாகப் பார்க்கலாம் என்றேன். ரொம்ப நன்றி என்று சொல்லித்தான் போனை வைத்தார்.

நகரத் தகவல் மையம் என்பது எங்கள் அலுவலகத்தின் பெயர். பெயரைக் கேட்டால் பளிங்குத் தரை நினைவுக்கு வரும். அது மத்திய ரயில் நிலையத்தின் மாடியில், பயணிகள் தங்கும் அறையைப் பலகையால் தடுத்து உண்டாக்கிய ஓர் அறை. மூன்று நாற்காலிகள், மூன்று தொலைபேசிகள், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறி சுற்றுகிற வேகத்தில் ஈக்கள் அதன் இறக்கையில் ஏறி உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்க்கும். கீழே ரயில் கிளம்பினால் மேலே எங்கள் தேநீர் தம்ளர்கள் மேசையில் ஓர் அடி நகரும். பக்கத்து நாற்காலிக்காரரின் தேநீர் இப்படி நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்து சேர்ந்ததும் உண்டு. நான் குடித்ததும் உண்டு.

ஓய்வு பெற்றவர்களை மட்டும்தான் இங்கே வேலைக்கு எடுப்பார்கள். எங்களுக்குப் பொறுமை அதிகம் என்பது அலுவலகம் சொல்லும் காரணம். எங்களை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை என்பது என் மனைவி சொல்லும் காரணம்.

முதல் நாற்காலி என்னுடையது. வானிலை அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எனக்கும் உண்மைக்கும் உள்ள உறவு ஊருக்கே தெரியும். எல்லாருக்கும் நான் வானிலை சார். இரண்டாவது நாற்காலியில் கண்டக்டர். நகரப் பேருந்தில் விசில் ஊதியே ஒரு நுரையீரலைத் தேய்த்தவர். அவர் கால் படாத தெரு என்றால் அதை இனிமேல்தான் போட வேண்டும். மூன்றாவது நாற்காலியில் என்கொயரி அம்மா. ரயில்வே விசாரணைக் கவுன்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னாலேயே தலை நரைத்தவர்.

சுவரில் எங்கள் சூப்பர்வைசர் எழுதி ஒட்டிய விதிகள் இருந்தன. பேசுவது யார் என்று நாங்கள் சொல்லக் கூடாது. கூப்பிடுகிறவர் யார், எதற்காக வருகிறார் என்று கேட்கவும் கூடாது. கேட்டதற்குச் சரியான பதில், அவ்வளவுதான். எனக்கு அந்தக் காகிதம் சுவரில் உள்ள விரிசலை மறைக்கத்தான் பயன்பட்டது. கண்டக்டர் காக்கி போட்டவர், விதி என்றால் விறைத்து நிற்பார். என்கொயரி அம்மாவுக்கோ அது விதியாகவே தோன்றவில்லை. அவர் பிறந்ததே அப்படி. “ஏம்மா, மணி என்ன தெரியுமா?” என்று கேட்டால், “தெரியும்” என்பார். மேலே ஒரு சொல் வராது.

ஆனால் நான் விடுகிற ஆளா? ஒரு தேநீர் இடைவேளைக்கு ஒரு கேள்வி என்று போட்டு, சுரங்கம் தோண்டுகிற மாதிரி அவரைத் தோண்டினேன்.

“குழந்தைங்க உண்டாம்மா?”

“ஒரு பொண்ணு.”

“எங்க இருக்கா?”

“வெளிநாட்டுல.”

“பேசுவாளா?”

“மாட்டா.”

தம்ளரில் இருந்ததை முழுவதும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “ஏன்?” என்றேன்.

“அவங்க அப்பா போன விஷயத்துல கோபம்.”

மீதி, துண்டு துண்டாகக் கிடைத்தது. மகள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவாள். “அப்பா சாப்பிட்டாரா?” என்பாள். சாப்பிட்டார் என்பார் இந்த அம்மா. “தூங்கறாரா?” தூங்குகிறார். எல்லாமே உண்மைதான். அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் மகளுக்குச் செய்தி போனது. “ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று அவள் கதறியிருக்கிறாள். இந்த அம்மா வாயிலிருந்து வந்த பதில்: “நீ கேக்கலையேடி.”

அதோடு சரி. பிறகு அந்தத் தொலைபேசி அடிக்கவே இல்லை. அடிக்காத ஒன்று வீட்டில் எதற்கு என்று இவர் அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு இருக்கிறேன், வீட்டிலும் எதற்கு என்று கைபேசியும் வாங்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருந்தார். கரை தொடும்போதெல்லாம் அக்காவிடம் மருமகளைப் பற்றியும், மருமகளிடம் அக்காவைப் பற்றியும் சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறிவிடுவார். பேத்தி பிறந்ததே அவர் வழியாகத்தான் தெரியும்.

“பொண்ணு ஒரு நாள் வந்து நின்னா என்னம்மா கேப்பீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒண்ணும் கேக்க மாட்டேன், சார். சொல்லுவேன்.”

“என்ன சொல்லுவீங்க?”

“அவங்க அப்பாவைப் பத்தி. ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னது, பேத்திக்குப் பேரு யோசிச்சது, கடைசில என்ன பேசினாருங்கறது... எல்லாத்தையும். அவ கேக்காததையும் சேத்து.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகள் ஒரு தடவை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும், உட்கார்த்தி வைத்து இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையிலிருந்தே என் தொலைபேசி என்னை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. மணி அடிக்கும். “வணக்கம், நகரத் தகவல் மையம்” என்று தேனில் குழைத்துச் சொல்வேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம், அப்புறம் டொக். மூன்று நான்கு முறை இப்படியே ஆனது. என் குரலைக் கேட்டு எந்தப் பெண்ணும் வாழ்நாளில் போனை வைத்ததில்லை, என் மனைவியைத் தவிர.

“எனக்கும் அப்படித்தான் சார் வருது. பேச மாட்டேங்கறாங்க, வெச்சுடறாங்க,” என்றார் கண்டக்டர்.

“உங்க குரலுக்கு அது நியாயம்தான்யா. எனக்கு எதுக்குங்கறேன்?”

கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது தொலைபேசி அடித்தது.

எங்கள் தொலைபேசிகளில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஒருவருக்குப் பதில் தெரியாவிட்டால் மற்ற நாற்காலிக்காரர் யாராவது அதை அமுக்கி, பேச்சைக் கேட்டு உதவலாம். உதவி செய்வதில் எனக்கு இருந்த ஆர்வத்தில் அந்தப் பொத்தானின் சிவப்பே என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அமுக்கினேன்.

“வணக்கம், நகரத் தகவல் மையம். சொல்லுங்க, என்ன தெரியணும்?” என்றார் என்கொயரி அம்மா.

அந்தப் பக்கம் அதே மூச்சுச் சத்தம். ஆனால் இந்த முறை வைக்கவில்லை.

“ஹலோ... நாங்க வேற நாட்டுக்குப் போற வழியில அங்க விமானம் மாறணும். நாளைக்குக் காலைல இறங்கி சாயங்காலம் ஏறணும். நடுவுல வெளிய வர முடியுமா?”

அந்தக் குரல் என்கொயரி அம்மாவின் குரலேதான். நரைக்காத குரல், அவ்வளவுதான் வித்தியாசம். நான் திரும்பிப் பார்த்தேன். என்கொயரி அம்மா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வரலாம்,” என்றார்.

“குழந்தை இருக்கு.”

“என்ன வயசு?” டிக்கெட்டுக்காக வயது கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு.

“நாலு.”

“நாலு வயசுக்கு ரயில்ல டிக்கெட் வேண்டாம்.”

“பெட்டியை எங்கயாவது வெக்கலாமாங்க?”

“விமான நிலையத்துல கீழ்த் தளத்துல வெச்சுப் பாத்துக்குவாங்க. கைப்பையில குழந்தைக்கு ஒரு மாத்துத் துணி மட்டும் எடுத்துக்குங்க.”

“வெயில் அதிகமா?”

“அதிகம். தொப்பி போட்டுக் கூட்டிட்டு வாங்க.”

இரண்டு பேருக்கும் தெரியும். தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். நான் பேசினால் அவள் வைத்துவிடுவாள் என்பதைக் காலையிலிருந்து நிரூபித்திருந்தாளே.

“வந்து போக நேரம் கம்மிதான்,” என்றாள் அவள். “ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். எங்க போகலாம்? நீங்களே சொல்லுங்க.”

இந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முறை வரும். ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் எங்கே போவது? நாக்கு மனசைக் கேட்காமலே பதில் சொல்கிற கேள்வி அது. தூக்கத்தில் தட்டிக் கேட்டால்கூட நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொல்வோம்.

“டவர்,” என்றார் என்கொயரி அம்மா. “விமான நிலையத்து ரயில்ல ஏறி, பெரிய மார்க்கெட் ஸ்டேஷன்ல பச்சைத் தடத்துக்கு மாறுங்க. டவர் ஸ்டேஷன்லயே இறங்கலாம். கிழக்கு வாசல்ல கூட்டம் இருக்கும், மேற்கு வாசலுக்குப் போங்க. மேல கண்ணாடித் தரை இருக்கு, குழந்தைங்களுக்குப் பிடிக்கும். ஊர் முழுக்கத் தெரியும்.”

“டவரா?”

“ஆமா. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க.”

“சரிங்க.”

“வேற ஏதாவது தெரியணுமா?”

“இல்ல. நன்றி.”

டொக்.

என்கொயரி அம்மா காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. கீழே ஒரு ரயில் கிளம்பியது; தம்ளர்கள் நகர்ந்தன. கண்டக்டர் வேறு ஒருவருக்கு ‘படகுத் துறைக்கு எந்த பஸ்’ என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“வானிலை சார்,” என்றார் மெதுவாக. “எங்க போகலாம்னு அவ என்னைக் கேட்டா.”

“ஆமாம்மா.”

“நான் டவர்னு சொல்லிட்டேன்.”

எங்கள் தொலைபேசியில் கூப்பிட்டவர் எண் தெரியாது. என் கைபேசியிலிருந்து அவருடைய தம்பிக்கு அடித்துப் பார்த்தோம். தம்பி நடுக்கடலில் இருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் கனிவாகச் சொன்னாள். மறுபடி அடித்தோம். அதே கனிவு.

“விடுங்கம்மா,” என்றேன். “நாளைக்குத்தானே வர்றா? லீவு போடுங்க. நானும் போடறேன். எதிர்ல போய் நின்னுடலாம்.”

“கண்டக்டர் சார்கிட்ட சொல்லாதீங்க. எதுக்குன்னு கேப்பாரு.”

“சரி. ஆனா எங்க போய் நிக்கறது? விமான நிலையத்துலயா?”

“அங்க எத்தனையோ வாசல் இருக்கு. எந்த விமானம்னு தெரியாது. டவர் மேற்கு வாசல்ல நிக்கலாம். நான் சொன்ன வழிலதான் வருவா.”

எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. “ஏம்மா, ஒருவேளை நேரா வீட்டுக்கே வந்துட்டா?”

“வீட்டைப் பத்தி அவ கேக்கலையே, சார்.”

“கேக்கலன்னா?”

“இத்தனை வருஷமா வழி சொல்றேன். நான் ஒண்ணைச் சொல்லி, வேற பக்கம் போனவங்க யாரும் இல்ல.”

அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. வழி சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். நாங்கள் காட்டிய திசையில்தான் உலகமே நடக்கிறது என்று நம்பினால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும்.

மறுநாள் காலை டவர் மேற்கு வாசலில் நின்றோம். கூட்டம் குறைவாக இருக்கும் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் மேற்கு வாசலில்தான் இருந்தார்கள். கிழக்கு வாசலில் காவலாளி தூங்கிக்கொண்டிருப்பதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டவரோ, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து பின்பக்கமாக ஒடிந்து முதுகில் விழுகிற உயரம்.

என்கொயரி அம்மா நல்ல புடவையில் வந்திருந்தார். பையில் ஒரு சின்னத் தொப்பி இருந்தது. ஒருவேளை மறந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால் என்று வாங்கினாராம்.

“நீங்க மேல போயிருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“ஏன்?”

“யாரும் கூப்பிடல.”

ரயில் நிலையத்துச் சுரங்கப் படிகள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கூட்டத்தை மேலே தள்ளின. ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு வயதுக் குழந்தைகள் ஒரு கோடி பேர் இருந்தார்கள். தொப்பி போட்ட குழந்தை என்றால் அவர் கழுத்து நீளும். தொப்பி போடாத குழந்தை என்றால் கை பைக்குள் போகும். சும்மா நிற்கிற எங்களைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாம் வழி கேட்க ஆரம்பித்தார்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, படம் எடுக்க நல்ல இடம் எது? படிகளின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் எல்லாருக்கும் சரியாகச் சொன்னார்.

ஒரு தடவை நீலச் சட்டைப் பெண் ஒருத்தி, கையில் குழந்தையுடன் படியேறி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்கொயரி அம்மா இரண்டு அடி முன்னால் போய்விட்டார். அவள் எங்களுக்குப் பின்னால் நின்ற கணவனைப் பார்த்துச் சிரித்திருந்தாள். திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டார். நான் டவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயில் வந்தது, போனது. ரொட்டி வாங்கி வந்தேன், வேண்டாம் என்றார். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தால் படி தெரியாது என்றார்.

“விமானம் லேட்டா இருக்கும்மா. இந்த விமானக் கம்பெனிங்க இருக்கே, போன வருஷம் கிளம்ப வேண்டியதே இன்னும் பாதி வழியில நிக்குது.”

அவர் சிரிக்கவில்லை. நிழல் எங்கள் பக்கமிருந்து மறுபக்கம் போனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்பத் திரும்பினாத்தான் விமானத்துக்குச் சரியா இருக்கும். இனிமே இங்க வர மாட்டாங்க, சார்,” என்றார். யாரோ வெளியூர்க்காரருக்குச் சொல்கிற அதே குரல்.

அவர் வீட்டுக்கு நானும் கூடவே போனேன். மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் இருந்தது, ஆனால் அது என்னைப் போலவே ஓய்வு பெற்றது. படியேறினோம். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தையற்காரம்மா. உலகத்தில் உள்ள எல்லாத் துணியையும் அந்த ஒரு மெஷினில் தைத்துக்கொண்டிருப்பவர். கேட்காமலே எல்லாம் சொல்கிறவர். காலடிச் சத்தம் கேட்டதும் வாயில் கவ்விய குண்டூசிகளோடு வெளியே ஓடி வந்தார்.

“எங்கக்கா போனீங்க? உங்க பொண்ணு வந்துட்டுப் போயிட்டாக்கா!”

என்கொயரி அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“காலைலயே வந்தாச்சு. குழந்தையோட! கதவு பூட்டியிருக்கவும், வேலைக்குப் போயிருப்பாங்கன்னு நான்தான் சொன்னேன். உள்ள வந்து உக்காருன்னா மாட்டேங்கறா. இந்தப் படிலயேதான் உக்காந்திருந்தா, அம்மா வந்தா இங்கயே பாத்துக்கறேன்னுட்டு.”

“டவருக்குப் போகலையா?” என்றார் என்கொயரி அம்மா.

“டவரா? எதுக்கு? ‘எங்கம்மா என்னை டவருக்குப் போகச் சொன்னாங்கக்கா, நான் எப்ப அவங்க பேச்சைக் கேட்டிருக்கேன்’னு சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா அப்ப.”

“குழந்தை?”

“உங்க வீட்டுக்காரர் ஜாடை, அப்படியே! அந்தக் காது, அந்த நெத்தி... இந்தப் படில ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடிச்சு. பட்டன் கொஞ்சம் குடுத்தேன், கோத்துக்கிட்டு இருந்துச்சு.” தையற்காரம்மா கடைசிக் குண்டூசியையும் வாயிலிருந்து எடுத்துப் புடவையில் குத்திக்கொண்டார். “அப்புறம் அப்பாவைப் பத்திக் கேட்டாக்கா. கடைசில எங்க படுத்திருந்தாரு, என்ன சாப்பிட்டாரு, வலிச்சுதா, யாரைக் கேட்டாருன்னு. நான் ஒண்ணு விடாம சொல்லிட்டேன். ஜன்னலோரம் கட்டில் போட்டது, பேத்திக்குப் பேரு வெச்சது எல்லாம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல பாருங்க.”

நான் இதுவரைக்கும் எத்தனையோ வாயை அடைத்திருக்கிறேன். அன்றைக்கு ஓடிப்போய் அந்த அம்மாவின் வாயை அடைக்கத் தோன்றியது. ஆனால் அவர் நல்ல மனசோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அழுதாளா?” என்று கேட்டார் என்கொயரி அம்மா.

“அழுதா. குழந்தை பயந்து பாத்துச்சு, உடனே நிறுத்திட்டா. அப்புறம் உங்க தகவல் நம்பருக்குப் போன் பண்ணினா, இங்க நின்னுதான். யாரோ எடுத்தாங்க போல. நேத்துப் பேசின அம்மா இருக்காங்களான்னு கேட்டா. அவங்க ஏதோ சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு ‘பொண்ணுன்னு சொல்லேண்டி, பொண்ணுன்னு சொல்லு’ன்னு கிள்ளிக்கிட்டே இருக்கேன். சொல்லவே இல்லையே! வெச்ச பிறகு, ஏண்டி சொல்லலன்னா, ‘அவரு கேக்கலையேக்கா’ங்கறா.”

எங்கோ கீழ்வீட்டில் குழாய் ஒழுகியது.

“எந்தப் படியில உக்காந்திருந்தா?”

தையற்காரம்மா காட்டினார். என்கொயரி அம்மா அந்தப் படியில் உட்காரவில்லை. அதற்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். எதற்கு என்று புரிந்து, கைபேசியில் அலுவலக எண்ணைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

“வணக்கம், நகரத் தகவல் மையம்,” என்றார் கண்டக்டர்.

“நான்தான் கண்டக்டர் சார். இன்னிக்கு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சா, நேத்துப் பேசின அம்மா வேணும்னு?”

“ஆமாம்மா, பண்ணிச்சு. யார் பேசினதுன்னு சொல்லக் கூடாதும்மா, விதியில இடம் இல்லன்னு சொன்னேன். எப்ப வருவாங்கன்னு கேட்டுச்சு. அதுவும் சொல்ல முடியாதும்மான்னேன். அப்புறம் நிக்கற தெருவைச் சொல்லி, விமான நிலையத்துக்குச் சீக்கிரமாப் போக வழி கேட்டுச்சு, கையில குழந்தை இருக்குன்னு. சொன்னேன்.”

“என்ன வழி சொன்னீங்க?”

“நம்ம வழிதான். பின் தெரு வழியா நடந்தா பெரிய மார்க்கெட் ஸ்டேஷன். முன்னாடி ஸ்டேஷனுக்குப் போனா படி ஏறி இறங்கணும். கடைசிப் பெட்டில ஏறச் சொன்னேன், இறங்கற இடத்துல லிஃப்ட் நேரா இருக்கும். வண்டி மாற வேண்டியதில்ல. அதுக்கு மேல சீக்கிரமா யாராலயும் போக முடியாதும்மா. நிதானமா விமானம் ஏறியிருப்பாங்க.”

என்கொயரி அம்மா கண்ணை மூடி அந்த வழியை ஒரு முறை நடந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. பின் தெரு, பெரிய மார்க்கெட் ஸ்டேஷன், கடைசிப் பெட்டி, லிஃப்ட்.

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, சார்.”

“பின்ன? கண்டக்டர்னா சும்மாவா!” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு படிக்கட்டு முழுவதும் கேட்டது. பிறகு, விதியை மறந்து, “ஆமா, யாரும்மா அந்தப் பொண்ணு? தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார்.

“என் மக,” என்றார் என்கொயரி அம்மா.

கைபேசியில், எங்கள் அலுவலகத்தில் இன்னொரு தொலைபேசி அடித்துக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. கண்டக்டர் அதை எடுக்கவில்லை.